பஞ்சுப் போர்வையில் மஞ்சள் கோடு

போன வாரம் செல்லம் ஜெலுத்தோங்கில் இருக்கும் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். நான் தையல்கூடத்து வேலையை விட்டபோது என் கோடு போடும் மேசையை அவளிடம்தான் ஒப்படைத்துவிட்டு வந்தேன். அவள் கையில் ஒரு தகரப் பெட்டி. திறந்தால் ஆறு நிறத்தில் பென்சில்கள், ஒவ்வொன்றும் தலையில் தங்கப்பூண் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி படுத்திருந்தன.

"கப்பல் சாமான் கடையில வந்துச்சுக்கா. துணியில கோடு போட்டுத் தச்சப்புறம் தண்ணியில நனைச்சா போயிருமாம்லா. பெட்டியிலயே எழுதிருக்கு. நல்ல சாமானா, வாங்கலாமான்னு மொதலாளி உங்கள கேட்டு வரச் சொன்னாரு."

பெட்டியில் எழுதியிருப்பதற்கு நான் என்ன செய்ய? எனக்குக் கண் மங்கியிருக்கிறதே ஒழியப் புத்தி மங்கவில்லை. என் சோதனைகளை வரிசையாகச் சொல்லி, செய்துவிட்டு வா என்று அனுப்பினேன். அவள் போன பிறகு பெட்டியிலிருந்து எனக்கென்று விட்டுப்போன நீலப் பென்சிலை எடுத்து நக்கிப் பார்த்தேன். மெழுகு வாசனை. அன்றைக்கு முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இந்தக் கட்டுரையும் அதனால் வந்ததுதான்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் இரண்டு வருஷம் ஊசி பிடிக்கப் படித்தேன். பதினெட்டு வயதில் கப்பித்தான் பள்ளிவாசலுக்கு எதிர்ச்சந்தில், மாடியில் இருந்த தையல்கூடத்தில் சேர்ந்தேன். எட்டுப் பெண்கள். பஞ்சுப் போர்வை தைப்பதுதான் தொழில். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் மெல்லியதாகப் பருத்திப் பஞ்சு. மூன்றும் நகராமல் கொடியும் இலையுமாக நெருக்கித் தைப்போம். இந்த வேகிற ஊரில் போர்வை யாருக்கு என்று கேட்கலாம். கொடிமலை உச்சியில் இருக்கும் பங்களாக்களில் காலைக் குளிரில் பல் கிட்டும். கப்பலில் சீமைக்குத் திரும்புகிறவர்களும் வாங்குவார்கள். முதல் இரண்டு வருஷம் பஞ்சு பரப்பினேன். பிறகு தைக்க விட்டார்கள். என் தையலைப் பார்த்துவிட்டு ஒரு மாதத்திலேயே ஊசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் கை நடுங்காமல் கோடு இழுப்பேன். அதனால் கோடு போடுகிறவளாக ஆனேன். இருபத்தாறு வருஷம் அதுவே என் பிழைப்பு.

கோடு போடுவது சின்ன வேலை என்று தோன்றும். தைக்கிறவள் கண்ணுக்கு அது மூன்று வாரம் தெரிய வேண்டும். தைத்து முடித்ததும் யார் கண்ணுக்கும் தெரியக்கூடாது. இந்த இரண்டும் சேர்ந்து இருக்கிற பொருளை நான் என் காலம் முழுக்கத் தேடினேன். கரிப்பென்சில் நன்றாக விழும். கை வேர்வை பட்டால் கரி பரவி, துணி அடுப்படி மாதிரி ஆகிவிடும். கறுப்புத் துணிக்குக் காய்ந்த சோப்புச் சில்லுக்கு நிகர் எதுவும் இல்லை, இன்றைக்கும் இல்லை. பட்டுக்கு எதையும் பூசக்கூடாது. எலும்புக் கத்தியின் மழுங்கிய முனையால் அழுத்திக் கீறினால் தடம் விழும், அன்றைக்கே தைத்துவிட வேண்டும். தையற்காரர் சுண்ணக்கட்டி நல்லதுதான், ஆனால் மெழுகு கலந்த கட்டியை இஸ்திரிப் பெட்டி தொட்டால் எண்ணெய்க் கறை தங்கிவிடும்.

ஒரு தரம் எங்கள் கடையில் கணக்கெழுதும் கிராணி தன் ஊதாப் பென்சிலை மேசையில் மறந்துவிட்டுப் போனார். பார்வைக்குச் சாதாரணக் கரிப்பென்சில். எழுதினாலும் சாம்பல் நிறம்தான். பக்கத்து மேசைக்காரி முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு எழுதினாள். நாக்கும் உதடும் கத்தரிக்காய் நிறம்! அவள் கண்ணாடியைப் பார்த்து அழுதாள். நான் சந்தோஷம் தாங்காமல் அந்தப் பென்சிலைத் துணியில் கிழித்து, பாதியை உலர்ந்தபடி விட்டு, பாதியை நனைத்து, என்ன ஆகிறது என்று மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நனையாத பாதியும் மழைக்காலத்து ஈரத்தில் தானாகவே ஊதாவாகிவிட்டது.

இதற்காக நான் ஒரு துணிப்பட்டை வைத்திருந்தேன். நாலு விரல் அகலம். புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் அதில் ஒரு கோடு இழுப்பேன். முதலில் தூரிகையால் தட்டுவேன். பிறகு சூடான இஸ்திரி. பிறகு பச்சைத் தண்ணீர், பூந்திக்கொட்டை நுரை. பிறகு ஜன்னல் வெயிலில் ஒரு பகல். கடைசியில் வண்ணார் வீட்டுச் சலவைச் சோடா. அந்தக் கடைசிப் படிக்கு மட்டும் திங்கட்கிழமை வரை காத்திருக்க வேண்டும், துணி எடுக்க மாரிமுத்து வரும் நாள் அது.

இந்த முறையைக் கூடத்தில் ஏற்படுத்தியவர் எங்கள் மேற்பார்வையாளர் ரோசம்மா. வேதக்காரர், கணவரை இழந்தவர், எலும்பும் நரம்புமாக இருப்பார். நடுவிரலில் ஊசி குத்தாமல் இருக்க வெள்ளி அங்குத்தான் போட்டிருப்பார். அதை மாதா கோயிலுக்குப் போகும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று பேச்சு. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. துணியை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், இடமும் வலமுமாகச் சாய்ப்பார், பிறகு முகர்ந்து பார்ப்பார். குற்றம் இருந்தால் தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து அந்த இடத்தில் குத்துவார். அப்புறம் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதல் தையலைத் தாமே பிரித்துவிட்டுக் கத்தரிக்கோலை நம் கையில் வைப்பார். மிச்சத்தை நாம் பிரிக்க வேண்டும். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை என்றிருக்கும்.

மலை ரயில் ஓடத் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். மலை பங்களா ஒன்றிலிருந்து நான்கு வெள்ளைப் போர்வைகளுக்கு உத்தரவு வந்தது. வெள்ளைத் துணி, வெள்ளை நூல். கப்பலில் வரும் விருந்தாளிகளுக்காக. ஒரு மாதம் கழித்து வரும் சனிக்கிழமை காலை ரயிலில் போர்வைகள் மேலே போய்விட வேண்டும். அந்தப் பங்களாத் துரைசானி முன்பு வாங்கிய ஒரு போர்வையில் சலவை நீலத்தால் போட்ட கோடு நிழலாகத் தங்கிவிட்டதாம். அதனால் நீலம் கூடாது, பென்சில் கூடாது என்று சீட்டு எழுதி அனுப்பியிருந்தார். வெள்ளைப் பொடி வெள்ளைத் துணியில் தெரியாது. கறுப்பு, நீலம் இரண்டும் தடை. என்ன செய்வது?

எனக்கு மஞ்சள் தோன்றியது. மஞ்சளை இடித்து மாவாக்கி அரிசிமாவில் கலந்தேன். வேலை எளிது: கொடி வரைந்த தாளில் கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகத் துளை போட்டு, தாளைத் துணியில் விரித்து, பொடி கட்டிய சிறு பொட்டணத்தால் ஒற்றினால் துளை வழியே புள்ளி புள்ளியாக இறங்கும். அழகாக விழுந்தது. மறுநாள் காலை வந்து பார்த்தால் கொடி நடந்துகொண்டிருந்தது! அரிசிமாவுக்கு எறும்பு வந்து, இலை இலையாக வரிசை கட்டியிருந்தது. சிரித்து மாளவில்லை. அரிசிமாவை விட்டுக் கணவாய் மீன் ஓட்டைப் பொடித்து மஞ்சளில் கலந்தேன். எறும்பு வரவில்லை. தட்டினால் முக்கால்வாசி உதிர்ந்தது. பூந்திக்கொட்டை நுரையில் கொஞ்சம் போனது. ஒரு பகல் வெயிலில் மீதியும் காணாமல் போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நீலத்தையும் பென்சிலையும் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ரோசம்மா பட்டையை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"மஞ்சளா?"

"ஆமாங்கம்மா. மங்களகரமாவும் இருக்கும்."

"சோடாவுல அவிச்சுப் பாத்தியா?"

அன்றைக்கு வியாழக்கிழமை. திங்கள் வரை காத்திருந்தால் தைக்க நாள் போதாது. அது ஒரு காரணம். உண்மையான காரணம், என் கண்டுபிடிப்பை யாரும் தள்ளிப்போடக்கூடாது என்ற கொழுப்பு.

"பாத்தாச்சும்மா" என்றேன்.

அவர் தலையசைத்தார். நான் சொல்வதை அவர் நம்புவார் என்பது எனக்குத் தெரியும். மூன்று வாரம் ஆறு பெண்கள் உட்கார்ந்து தைத்தார்கள். முடிந்ததும் தூரிகையால் தட்டி, நான்கு போர்வைகளையும் மாரிமுத்துவின் மூட்டையில் கட்டி அனுப்பினோம்.

மாரிமுத்து ஆற்றோரத்து வண்ணாந்துறையில் துவைப்பவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆனாலும் கூடத்தில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம், வா போ என்றுதான் பேசுவோம். அன்றைய வழக்கம் அது. எழுதும்போது கை கூசுகிறது. துறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு கல். பெரிய கடை வேலை கையில் இருக்கிறவருக்குத்தான் ஆற்றின் மேல்பக்கத்து நல்ல கல். துணியைக் கெடுத்தவர் என்று பேர் வந்து கடை கைவிட்டால், கல்லும் வேறு ஆளுக்குப் போய்விடும்.

புதன்கிழமை நண்பகலில் அவர் மூட்டையோடு படியேறி வந்தார். வழக்கமாக வரும்போதே ஏதாவது கேலி பேசிக்கொண்டு வருவார். அன்றைக்குக் கேலி இல்லை. மூட்டையை அவிழ்த்தார். நான்கு போர்வைகளிலும் இலை, கொடி, மொட்டு எல்லாம் செக்கச்செவேல் என்று எழும்பியிருந்தன.

ரோசம்மா வெகுநேரம் பார்த்தார். "எந்தச் சிவப்புக் கைலியோட சேத்து அவிச்சே?" என்றார், அதே தணிந்த குரலில்.

"எதோடயும் சேக்கலைம்மா. தனி மொடா, தனி உலை. சேப்பு ஏறுனதப் பாத்துட்டு மூணு தரம் அலசிட்டேன். உள்ள பஞ்சுல சோடா நின்னுக்கிச்சு போல, போவ மாட்டேங்குது. என் கல்லு மேல சத்தியமா, நா ஒண்ணும் பண்ணலை."

"மொதலாளிகிட்ட சொல்லத்தான் வேணும். திங்கக்கெழமை நீ வர வேண்டாம்."

அவர் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைலிச் சாயம் என்றால் குளம் மாதிரி பரவியிருக்கும். இது கோட்டை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. என் பொட்டணம் எங்கே ஒற்றியதோ அங்கே மட்டும்தான் சிவப்பு. அதோடு, இந்தச் சிவப்பை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மனசு அரித்தது. ஏதோ கல்யாண வீடு, பித்தளைத் தாம்பாளம்...

மேசைக்கு அடியில் என் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தேன். விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்து, பட்டையில் இருந்த மஞ்சள் பொடியில் ஒரு துளி எச்சிலோடு தேய்த்தேன். கண்ணெதிரே ரத்தமாகச் சிவந்தது.

ஆரத்தி. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் ஆரத்தி. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையில் எந்த வீட்டில் பெண் வந்து இறங்கினாலும், பிள்ளை பிறந்து வந்தாலும், "பாக்கியத்தக் கூப்புடு, அவ கரைச்சாத்தான் நெறம் சரியா வரும்" என்பார்கள். நூறு தாம்பாளம் கரைத்தவள் நான். சுண்ணாம்பு செய்வதைச் சோடாவும் செய்யும் என்று எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. பூந்திக்கொட்டைக்கு அந்தக் குணம் இல்லாததால் என் சோதனையில் தப்பித்துவிட்டது.

அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாரிமுத்து படியிறங்கும் சத்தத்தைக் கடைசிப் படி வரைக்கும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயம். மேசை போய்விடும், "பாத்தாச்சும்மா" என்று சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் படிச்சத்தம் காதில் விழுந்தால் வெட்கமாக இருக்கிறது.

தலைவலி என்று சொல்லிவிட்டு டிராம் ஏறித் துறைக்குப் போனேன். மஞ்சள் பொடி போட்டுத் தைத்த மாதிரித் துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. மாரிமுத்து கல்லில் சும்மா உட்கார்ந்திருந்தார். துண்டை அவருடைய சோடா உலையில் போட்டேன். கொதியில் இலை சிவந்து எழும்பியது. அவர் துண்டைக் கோலால் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மஞ்சளா தங்கச்சி?"

"ஆமாண்ணே. நான்தான் போட்டேன். சோடாவுல பாக்காமலே பாத்தேன்னு சொன்னேன்."

அண்ணே என்று நான் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். அவர் கோபப்படுவார் என்று நின்றேன். அவர் கோலைக் கீழே வைத்தார்.

"இத அங்கன சொல்லிருக்கணும். இங்க வந்து எங்கிட்டச் சொல்லி என்னா புரோசனம்? எனக்குத்தான் தெரியுமே, நா செய்யலைன்னு."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. அவர் என்னை அழவிட்டுவிட்டு அந்தத் துண்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை இக்கட்டிலும் அவருக்கு அந்தச் சிவப்பின் மேல் ஒரு ஆசை இருந்தது. அது எனக்குப் புரிந்தது, நானும் அப்படித்தான்.

"ஆரத்தித் தட்ட எதப் போட்டு வெளக்குவீங்க?" என்றார்.

"புளி."

"புளி பட்டா சேப்பு என்னா ஆவும்?"

மறுபடியும் மஞ்சளாகும்! எத்தனை தட்டு விளக்கியிருக்கிறேன். புளி போட்டால் வெள்ளைத் துணியில் பழுப்பேறும் என்று அவர் லிமாவ், நம் எலுமிச்சைதான், நாலைப் பிழிந்து தண்ணீரில் கலந்தார். துண்டை முக்கினோம். மூச்சு விடும் நேரத்தில் சிவப்பு பின்வாங்கி, இளமஞ்சள் ஆனது.

"மஞ்ச சேலைய நாங்க நெழல்லதான் காயப் போடுவோம். வெயில்ல போட்டா நெறம் ஓடிரும். இத வெயில்ல போட்டுட வேண்டியதுதான்லா."

பாதித் துண்டைப் பழச்சாற்றில் நனைக்காமல் அப்படியே சிவப்பாக விட்டோம், காட்டுவதற்கு.

மறுநாள் காலையில் இருவருமாகப் படியேறினோம். ரோசம்மா மேசையில் துண்டை வைத்தேன். மற்ற பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டார்கள். தனியாகச் சொல்லலாமா என்று ஒரு சபலம் வந்தது. மாரிமுத்துவைக் கண்டித்தது எல்லோர் முன்னால்தானே என்று நினைத்து, அங்கேயே உரக்கச் சொன்னேன். பொடி என்னுடையது, சோடாவில் அவிக்கவில்லை, அவித்ததாகச் சொன்னது பொய், நேற்றே தெரிந்தும் வாய் மூடி இருந்தேன்.

ரோசம்மா துண்டை ஜன்னலில் தூக்கிப் பிடித்தார். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெளிறிய மஞ்சள். முகர்ந்தார், லிமாவ் வாசனை அவருக்கும் எட்டியிருக்கும். பிறகு விரலிலிருந்து அங்குத்தானைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் அதைக் கழற்றி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணே" என்றார். "போர்வைய எடுத்துட்டுப் போங்க. உங்களால முடியுமா?"

"வெயிலு இருந்தா முடியும்மா."

வெயில் இருந்தது. அன்று பகலும் மறுநாள் பகலும் நான்கு போர்வைகளையும் லிமாவ் தண்ணீரில் முக்கித் துறைப் புல்லில் விரித்து, நானும் மாரிமுத்தண்ணனும் மணிக்கொரு தரம் புரட்டினோம். வெள்ளி மாலையில் ஒன்றின் மூலையில் மட்டும் ஒரு மொட்டு கொஞ்சம் மஞ்சளாக நின்றது. சனிக்கிழமை காலை நான்கும் ரயிலேறின. மேலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அந்த மொட்டையும் மலை வெயில் தின்றிருக்கும்.

என்னை ரோசம்மா திட்டவில்லை. என் மேசையில் வந்து உட்கார்ந்து, மஞ்சள் பொட்டணத்தின் முடிச்சைத் தாமே அவிழ்த்து என் கையில் வைத்தார். நான் போய்க் கொட்டினேன். தண்டனையாகத் தீபாவளி வரைக்கும் மறுபடி பஞ்சு பரப்பினேன். அதன் பிறகு கூடத்தில் ஒரு புது வழக்கம் வந்தது: எந்தப் பொருளானாலும் மாரிமுத்தண்ணன் தன் உலையில் அவித்து, என் பட்டையின் ஓரத்தில் தன் குறியைப் போட்டுக் கொடுத்தால்தான் மேசைக்கு வரும். வண்ணார்கள் துணி மாறாமல் இருக்கச் சேங்கொட்டைப் பாலால் போடும் குறி அது. அவருடையது இரண்டு புள்ளி, ஒரு குறுக்குக் கோடு. அதை எந்தச் சோடாவும் எந்த வெயிலும் அசைக்காது.

நேற்று செல்லம் திரும்பி வந்தாள். அவளுக்குக் காட்ட அந்தப் பட்டையை எடுத்து வைத்திருந்தேன். நான் போட்ட கோடுகளில் நல்லவை எதுவும் அதில் இல்லை. அவை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைத் துணி, ஓரத்தில் இரண்டு புள்ளியும் ஒரு கோடுமாக அண்ணன் குறிகள் வரிசையாக நின்றன. அன்றைக்கு மேசைக்கடியில் சுண்ணாம்பு தேய்த்த முனையை மட்டும் வெயில் படாமல் மடித்தே வைத்திருந்தேன்.

"தட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்கா. இஸ்திரியும் போட்டேன், பச்சத்தண்ணியிலயும் போயிருச்சு. ரொம்ப நல்லா இருக்குலா."

"சோடாவுல அவிச்சியா?"

"பாத்தாச்சுக்கா" என்றாள்.

கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டாள். கண் தகரப் பெட்டியின் மேல் இருந்தது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடைய குரல். நான் பட்டையின் மடிப்பைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். அந்தச் சிவப்பின் கதை கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அவள் அதை விரலால் தொட்டாள், என்னைப் பார்த்தாள், முகம் கன்றிப்போனது.

"பொட்டிய எடுத்துக்க" என்றேன். "சேலைய மாத்திக்கிட்டு வரேன். துறைக்குப் போவோம்."